குட்டி ரயில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மாடல் லோகோ வாங்குவது, விற்பது பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒரே பதிலாக எழுதியிருக்கிறேன். விலை கேட்டுப் படம் அனுப்பிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பக்கவாட்டில் அழகாக எடுத்த படம் மட்டும் போதாது. இன்ஜினை ஒரு துண்டின் மேல் மல்லாக்கப் போட்டு அடிப்பக்கத்தையும் எடுத்து அனுப்புங்கள். எனக்கு வேண்டியதில் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது.

ஐயா, என் மாமனார் போன வருடம் காலமானார். 1970களில் லண்டனுக்கு வந்ததிலிருந்து அவர் சேர்த்த ஹார்ன்பி டப்ளோ இன்ஜின்கள் மாடியில் சூட்கேஸ் சூட்கேஸாக இருக்கின்றன. ஒரு வியாபாரி வந்து பார்த்தார். மொத்தத்துக்கும் ஒரு தொகை சொல்லி, ரொக்கமாகத் தருகிறேன், இன்றே முடிவு சொல்லுங்கள் என்றார். கொடுத்துவிடலாமா? அத்தை, "எல்லாவற்றையும் துடைத்துப் பளபளப்பாக்கி வை, நல்ல விலை வரும்" என்கிறார்.
— வாசகி, ஹாரோ

சகோதரி, இன்று கொடுக்காதீர்கள். அவசரம் அந்த வியாபாரிக்குத்தான், உங்களுக்கில்லை. இத்தனை வருடம் மாடியில் இருந்தவை இன்னும் இரண்டு மாதம் இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: துடைக்க வேண்டாம். மெட்டல் பாலிஷ், சோப்புத் தண்ணீர், ஈரத்துணி எதுவும் கூடாது. இந்த இன்ஜின்களில் எண், பெயர், கோடுகள் எல்லாம் டிரான்ஸ்ஃபராக, அதாவது மெல்லிய ஒட்டுப்படமாக ஒட்டியவை. அழுத்தித் தேய்த்தால் எழுத்து துணியோடு வந்துவிடும், அதோடு விலையில் பெரும்பகுதியும் போய்விடும். மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிட்டால் போதும். இன்னொன்று, சூட்கேஸில் பழைய டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் தயவுசெய்து பிளக்கில் சொருகிப் பார்க்காதீர்கள். அந்தக் காலத்து ஒயரின் ரப்பர் உறை காய்ந்து உதிர்ந்திருக்கும். கை பட்டால் ஆபத்து.

சரி, இனி என்ன இருக்கிறது என்று பார்ப்போம். டப்ளோ என்ற மாடல் ரயில் வரிசையை லிவர்பூலில் மெக்கானோ கம்பெனி 1938ல் கொண்டுவந்தது. அந்தக் கம்பெனியை நிறுவிய ஃபிராங்க் ஹார்ன்பி 1936லேயே இறந்துவிட்டார், தன் பெயர் தாங்கிய இந்த வரிசையை அவர் பார்க்கவே இல்லை. 1964ல் மெக்கானோ, டிரையாங் பொம்மைகளைச் செய்த லைன்ஸ் பிரதர்ஸ் கைக்குப் போனது. டப்ளோவின் கதை ஏறக்குறைய அதோடு முடிந்தது. ஆகவே உங்கள் மாமனார் வாங்கும்போதே இவை பழைய பொருட்கள்தான். தேடி அலைந்து, தெரிந்துதான் வாங்கியிருப்பார். அவர் ஏதாவது நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறாரா என்று முதலில் தேடுங்கள். இந்தத் தலைமுறை ஆட்கள் எங்கே வாங்கினோம், என்ன விலை என்று குறித்து வைப்பார்கள். அந்த நோட்டு கிடைத்தால் அது பாதி வேலையை முடித்துவிடும்.

பிறகு ஒவ்வொரு இன்ஜினாக எடுத்து எண்ணைப் படியுங்கள். நீல நிறத்தில், மூக்கு சரிந்த, வழவழப்பான உடல்கொண்ட 'சர் நைஜல் கிரெஸ்லி' ஒன்று நிச்சயம் இருக்கும். அதன் எண் 4498 என்றால் அது இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது. 7 என்றால் போருக்குப் பிந்தியது. நிஜ இன்ஜினுக்கே போருக்குப் பிறகு எண் மாற்றினார்கள், மாடலும் கூடவே மாறியது. இந்த ஓர் எண்ணில் விலை பல மடங்கு வித்தியாசப்படும். பக்கவாட்டில் சாவி கொடுக்கும் துளை இருக்கும் டப்ளோ இன்ஜின் ஏதாவது கண்ணில் பட்டால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். சாவி கொடுத்து ஓடும் டப்ளோ போருக்கு முந்திய கொஞ்ச காலம் மட்டுமே வந்தது.

மெரூன் நிற 'டச்சஸ் ஆஃப் அத்தால்', பச்சை நிற 'டச்சஸ் ஆஃப் மான்ட்ரோஸ்' இரண்டும் நிறைய விற்றவை. அழகான இன்ஜின்கள், இன்றும் நன்றாக ஓடும், ஆனால் சந்தையில் தாராளமாகக் கிடைக்கும். அதனால் அவற்றிலிருந்து பெரிய தொகையை எதிர்பார்க்க வேண்டாம். மதிப்பு கூடுவது கடைசிக் காலத்து மூன்று தண்டவாள இன்ஜின்களுக்கு, அதாவது மின்சாரத்துக்காக நடுவில் இன்னொரு தண்டவாளம் உள்ள பாதையில் ஓடுபவற்றுக்கு. 1959ல் டப்ளோ இரண்டு தண்டவாளத்துக்கு மாறத் தொடங்கியது. பழைய வாடிக்கையாளர்களைக் கைவிடாமல் மூன்று தண்டவாளத்துக்கும் சிலவற்றைச் செய்தார்கள், ஆனால் வாங்க ஆள் குறைவு. 34042 'டார்செஸ்டர்' அப்படி வந்தது. அதன் இரண்டு தண்டவாள ஜோடி 34005 'பார்ன்ஸ்டபிள்'. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அடியில் நடுத் தண்டவாளத்தைத் தொடும் உலோகப் பட்டை இருந்தால் அது மூன்று தண்டவாளம். கொஞ்சமாக விற்றது என்பதாலேயே இன்று டார்செஸ்டரைத் தேடுகிறார்கள்.

அடுத்து, போருக்கு முந்தியவை என்று தெரிந்தவற்றை வெளிச்சத்தில் வைத்து அடிச்சட்டத்தைப் பாருங்கள். மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடுகிறதா, சட்டம் லேசாக வளைந்து உடலோடு பொருந்தாமல் நிற்கிறதா, ஓரம் உப்பியிருக்கிறதா? இதை மஸாக் ராட் என்பார்கள். துத்தநாகக் கலவையை வார்க்கும்போது துளி ஈயம் கலந்துவிட்டால், அந்த உலோகம் பல ஆண்டுகள் கழித்து உள்ளிருந்தே நொறுங்கத் தொடங்கும். வந்துவிட்டால் நிறுத்த மருந்து கிடையாது. பிடித்து அழுத்தினால் பிஸ்கட் மாதிரி உதிரும், அதனால் அழுத்திச் சோதிக்காதீர்கள். இருக்கிறது என்று எழுதி வையுங்கள், விற்கும்போது சொல்லுங்கள். சொல்லி விற்றால் அதற்கும் உதிரி பாகத்துக்காக வாங்க ஆள் உண்டு.

காலி அட்டை டப்பாக்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்த இன்ஜின் எந்த டப்பாவில் இருந்ததோ அப்படியே இருக்கட்டும். கிழிந்த டப்பாவை டேப் போட்டு ஒட்டவும் வேண்டாம்.

இப்போது விற்கும் வழி. ஏலக் கம்பெனி என்றால், விற்பவரிடம் கமிஷன், வாங்குபவரிடம் தனிக் கட்டணம் என்று இரண்டு பக்கமும் வாங்குவார்கள். இரண்டு பக்கமும் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 பவுண்டுக்குச் சுத்தியல் விழுந்தால் வாங்குபவர் 120 கொடுக்கிறார், உங்கள் கைக்கு 80 வருகிறது. இதற்கு மேல் வாட் வரி, படம் எடுத்த கட்டணம், காப்பீடு எல்லாம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பொம்மை ரயில்களுக்கென்றே தனி ஏலம் நடத்தும் இடத்துக்குக் கொடுங்கள். பாத்திரம், பீரோவோடு சேர்த்து ஏலம் விடும் உள்ளூர் இடம் வேண்டாம். அபூர்வமானவை ஒவ்வொன்றும் தனி லாட்டாகவும், டச்சஸ் மாதிரிப் பொதுவானவை நாலைந்து சேர்த்து ஒரு லாட்டாகவும் போகட்டும். எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொடுத்தால் நல்லதின் விலையைச் சாதாரணமானவை கீழே இழுத்துவிடும்.

வியாபாரியையும் குறை சொல்ல மாட்டேன். அவர் வாங்கி, சுத்தம் செய்து, ஓட வைத்து, கடை வாடகை கட்டி, மாதக்கணக்கில் காத்திருந்து விற்க வேண்டும். கடை விலையில் பாதி கொடுத்தால் அது நியாயம்தான். ஆனால் எதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாமல் 'மொத்தத்துக்கும்' என்று ஒரு தொகை சொல்பவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். ஹார்ன்பி ரயில்வே கலெக்டர்ஸ் அசோசியேஷன் என்று 1969லிருந்து இயங்கும் சங்கம் இருக்கிறது. உறுப்பினர்கள் இந்தப் பொருட்களோடேயே வாழ்பவர்கள். ஒருவரைக் கூட்டிவந்து பட்டியலைக் காட்டிவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.

எல்லாவற்றையும் விற்றுவிடாதீர்கள் என்பது நீங்கள் கேட்காமல் நான் சொல்வது. ஒரு டச்சஸையும் கொஞ்சம் தண்டவாளத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பெரிய விலை வராது என்பதால் நஷ்டமில்லை. 12 வோல்ட் டிசி கன்ட்ரோலர் புதிதாக ஒன்று வாங்கினால் ஓடும். அத்தை பார்த்தால் சந்தோஷப்படுவார்.

அண்ணா, தம்பி பிரிட்டனிலிருந்து தீபாவளிக்கு வருகிறான். ஹார்ன்பியின் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் ஒன்று பழையதாக வாங்கிவரச் சொல்ல நினைக்கிறேன். என்ன பார்த்து வாங்க வேண்டும்? பார்சலில் வரவழைத்தால் சுங்கவரி எவ்வளவு? 'டிசிசி ரெடி' என்று போட்டிருக்கிறார்களே, அப்படியென்றால் என்ன?
— வாசகர், அம்பத்தூர்

தம்பி கையில் வருவதுதான் நல்லது. இந்தியாவில் பொம்மைகளுக்கான சுங்கவரியை 2020ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023ல் 70 ஆக்கினார்கள். நாம் என்னதான் இது பெரியவர்கள் சேகரிக்கும் மாடல் என்று வாதாடினாலும், சுங்க அட்டவணையில் அளவு குறைத்த மாடல்களும் பொம்மைகளும் ஒரே தலைப்பில்தான் இருக்கின்றன. பார்சலில் வந்தால் வரியும், தபால்காரர் திரும்பத் திரும்ப அலைவதும் சேர்ந்து வாங்கிய சந்தோஷமே போய்விடும். பயணப் பெட்டியில் வருவதற்கு வரியில்லா வரம்பு ஒன்று உண்டு. அது அவ்வப்போது மாறும், அதனால் தம்பி கிளம்புமுன் சுங்கத்துறை அறிவிப்பைப் பார்க்கட்டும். ரசீது கையில் இருக்கட்டும். இன்ஜினை கைப்பையில் கொண்டுவரட்டும், லக்கேஜில் போடவேண்டாம்.

ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மனைப் பொறுத்தவரை உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. டான்காஸ்டரில் 1923ல் கட்டப்பட்ட அந்த இன்ஜினை மாதிரி பொதுமக்களுக்குத் தெரிந்த இன்ஜின் பிரிட்டனில் வேறில்லை. அதனால் ஹார்ன்பி அதைப் பல பதிப்புகளாக, பல பத்தாண்டுகளாகச் செய்துகொண்டே வந்திருக்கிறது. பழையது தட்டுப்பாடே இல்லை. 'அபூர்வம்' என்று எவராவது விலை ஏற்றினால் அடுத்த மேசைக்குப் போகச் சொல்லுங்கள்.

ஆனால் எந்தக் காலத்து ஸ்காட்ஸ்மன் என்று கேட்க வேண்டும். கென்ட்டில் மார்கேட் தொழிற்சாலையில் செய்த பழைய பதிப்புகள் ஒரு வகை. அவற்றில் 1980களின் பதிப்பில் மோட்டார் இன்ஜினில் இல்லை, பின்னால் வரும் கரிவண்டியில், அதாவது டெண்டரில் இருக்கும். டெண்டர் இன்ஜினைத் தள்ளிக்கொண்டு போகும். சத்தம் கொஞ்சம் அதிகம். டெண்டர் சக்கரங்களில் மெல்லிய ரப்பர் வளையம் மாட்டியிருக்கும், அது காய்ந்து கல்லாகியிருந்தால் சக்கரம் சுழலும், வண்டி நகராது. வளையம் மலிவாகக் கிடைக்கும், நீங்களே மாற்றலாம். உற்பத்தி 1990களில் சீனாவுக்குப் போனபின், 2000களில் வந்த பதிப்பில் மோட்டார் மறுபடி இன்ஜினுக்குள் வந்தது, வேலைப்பாடு எங்கேயோ போய்விட்டது. கைப்பிடிக் கம்பிகூடத் தனியாகப் பொருத்தியிருப்பார்கள். முதல் இன்ஜின் என்றால் நான் இந்த இரண்டாவதைத்தான் சொல்வேன். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் மெதுவாக ஓட்டும்போது அதன் சுகம் தெரியும்.

விற்பவரிடம் ஒரு வீடியோ கேளுங்கள்: முன்னால், பின்னால், இரண்டு பக்கமும், மிக மெதுவாக. வேகமாக ஓட்டிக் காட்டுவது எதையும் நிரூபிக்காது, சுமாரான மோட்டாரும் வேகமாக ஓடும். மெதுவாகப் போகும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தயங்கினால் சக்கரமோ பல்சக்கரமோ நகர்ந்திருக்கிறது. சக்கரங்களை இணைக்கும் கம்பிகள் இரண்டு பக்கமும் முழுதாக இருக்கின்றனவா, சின்னச் சின்ன உதிரி பாகங்கள் இருந்த பிளாஸ்டிக் பை கூட இருக்கிறதா என்று கேளுங்கள்.

டிசிசி என்பது இன்ஜினை டிஜிட்டல் முறையில் இயக்குவது. 'டிசிசி ரெடி' என்றால் உள்ளே அதற்கான சிப் பொருத்த ஒரு சாக்கெட் இருக்கிறது, சிப் இல்லை என்று அர்த்தம். சாதாரண 12 வோல்ட் டிசி கன்ட்ரோலரில் அப்படியே ஓடும். ஒரே தண்டவாளத்தில் பல இன்ஜின்களைத் தனித்தனியாக ஓட்ட ஆசை வரும் நாளில் சிப் வாங்கிச் சொருகலாம். சிப் உள்ளே வந்துவிட்டது என்றால் 'டிசிசி ஃபிட்டட்' என்று போடுவார்கள். இரண்டுக்கும் விலை வித்தியாசம் உண்டு. கன்ட்ரோலரைப் பற்றிக் கவலை வேண்டாம், பிரிட்டனிலும் நம் ஊரிலும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக் மட்டும் மாறும், அடாப்டர் போதும்.

வணக்கம் ஐயா. இங்கே ஞாயிற்றுக்கிழமை பழைய பொருள் சந்தையில் மெர்க்லின் கம்பெனியின் பச்சை நிற 'முதலை' இன்ஜின் ஒன்று பார்த்தேன். என்னிடம் இருப்பது ஹார்ன்பி தண்டவாளம். அதில் ஓடுமா? வாங்கலாமா?
— வாசகர், ஸ்டுட்கார்ட்

ஓடாது, ஓட்டியும் பார்க்காதீர்கள். தண்டவாள அகலம் இரண்டுக்கும் 16.5 மில்லிமீட்டர்தான், அதனால் சக்கரம் அழகாகப் பொருந்தி நிற்கும். அதைப் பார்த்து ஏமாறுபவர்கள் நிறைய. ஹார்ன்பியில் ஒரு தண்டவாளம் பிளஸ், மற்றது மைனஸ். மெர்க்லினில் இரண்டு தண்டவாளமும் ஒரே துருவம், நடுவில் வரிசையாக இருக்கும் சின்னக் குமிழ்களிலிருந்து இன்ஜினின் அடியில் உள்ள பட்டை மின்சாரம் எடுக்கும். சக்கரங்களுக்கிடையே இன்சுலேஷன் கிடையாது. ஆகவே ஹார்ன்பி தண்டவாளத்தில் வைத்த நொடியில் ஷார்ட் ஆகும். அதோடு பழைய மெர்க்லின் ஏசி மின்சாரத்தில் ஓடுவது. திசை மாற்ற, கூடுதல் வோல்டேஜ் ஒரு நொடி கொடுத்து உள்ளே இருக்கும் ரிலேயைத் தட்டுவார்கள்.

வாங்கலாமா என்றால், எனக்கு அந்த இன்ஜின் மேல் மிகுந்த பிரியம், அதனால் வாங்குங்கள் என்றுதான் மனம் சொல்கிறது. சுவிட்சர்லாந்தின் கோட்ஹார்டு மலைப்பாதைக்காக 1919லிருந்து கட்டிய மின்சார இன்ஜின் அது. முன்னும் பின்னும் நீண்ட மூக்கு, நடுவில் கூண்டு, வளைவில் மூன்று துண்டாக மடங்கும். மெர்க்லின் 1947ல் செய்த சிசிஎஸ் 800 முதல் எத்தனையோ பதிப்புகள் உண்டு. ஆரம்பப் பதிப்பு என்றால் விலை உயரும், அதனாலேயே பிற்காலத்து உடலைப் பழைய சேசிஸில், அதாவது அடிச்சட்டத்தில் மாட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு மூக்கிலும் பெயின்டின் பச்சை ஒரே மாதிரி இருக்கிறதா என்று வெயிலில் பாருங்கள். திருகுகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள். ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சந்தையில் ஓட்டிக்காட்ட வழியில்லை என்றால், ஓடாத இன்ஜினுக்கு என்ன கொடுப்பீர்களோ அந்த விலைதான் பேச வேண்டும்.

வாங்குமுன் ஒரு நாள் கோப்பிங்கன் போய்வாருங்கள், உங்கள் ஊரிலிருந்து பக்கம்தான். மெர்க்லின் 1859லிருந்து அங்கேதான் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் முதலைகளை நேரில் பார்த்துவிட்டு வந்தால் சந்தையில் கண் தானாகத் தெளியும். 2005 ஜனவரியில் அதே அருங்காட்சியகத்தை உடைத்துப் பழைய ரயில்களை அள்ளிக்கொண்டு போனார்கள், நல்லவேளை மீட்டுவிட்டார்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பெரிய விலைப் பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்க யாரும் தயங்கக் கூடாது என்று நான் சொல்லி வருகிறேன்.

ஐயா, நான் மீட்டர்கேஜ் ரயில் பார்த்து வளர்ந்தவன். ஒய்பி நீராவி இன்ஜின் மாடல் எங்கே கிடைக்கும்? கடைகளில் இருக்கும் இந்திய ரயில் மாடல்கள் ஏன் பார்க்க ஒரு மாதிரி ஒல்லிக் காலோடு நிற்கின்றன?
— வாசகர், மதுரை

உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். எச்.ஓ. என்ற மாடல் அளவு நிஜத்தில் 87ல் ஒரு பங்கு. வகுத்துப் பாருங்கள், 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும். ஆனால் உலகமெங்கும் விற்கும் எச்.ஓ. தண்டவாளம் 16.5. அது ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதைக்குச் செய்த கணக்கு. நம் டீசலின் உடலை 87ல் ஒரு பங்காகச் செய்து 16.5ல் நிறுத்தினால், அகன்ற உடலுக்குக் கீழே சக்கரம் உள்ளே ஒடுங்கி நிற்கும். இதைச் சரிசெய்யத் தண்டவாளம், சக்கரம், பாயின்ட் எல்லாம் கையால் செய்ய வேண்டும். அதனால் செய்பவர்கள் 16.5ஐ ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். குறை சொல்வதற்கில்லை.

ஆனால் மீட்டர்கேஜ்காரர்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. 1000 மில்லிமீட்டரை 87ஆல் வகுத்தால் 11.5. கடையில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் ரெடிமேடாகக் கிடைக்கிறது. சுவிஸ் நாட்டு ரேஷியன் ரயில்வேயும் மீட்டர்கேஜ் என்பதால், அதன் ரசிகர்களுக்காக ஐரோப்பாவில் எச்.ஓ.எம். என்ற பெயரில் தண்டவாளம், சக்கரம், மோட்டார் எல்லாம் செய்கிறார்கள். மதுரை பாதையைக் கிட்டத்தட்ட சரியான அகலத்தில் செய்ய அகலப்பாதைக்காரரைவிட உங்களுக்குத்தான் வழி சுலபம். இதை நம் ஆட்கள் இன்னும் போதுமான அளவு பயன்படுத்தவில்லை என்பது என் ஆதங்கம்.

ஒய்பி பெரிய கம்பெனிகளின் பட்டியலில் நான் பார்த்ததில்லை. சிறிய அளவில், கேட்டால் செய்து தருபவர்கள் அவ்வப்போது வருகிறார்கள், போகிறார்கள். அவர்களிடம் முன்பணம் கொடுக்குமுன் மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள்: எந்த அளவு, எந்த அகலத் தண்டவாளம், மோட்டார் எரிந்துபோனால் மாற்று எங்கே கிடைக்கும். மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் அது அலமாரியில் வைக்கும் சிற்பம்தான், அந்த விலைக்கு மட்டும் வாங்குங்கள்.

நீங்களே செய்து பார்க்கும் எண்ணம் இருந்தால் ஒய்பியில் தொடங்காதீர்கள். நீராவி இன்ஜினில் பிஸ்டன், இணைப்புக் கம்பி, வால்வு எல்லாம் வெளியே ஆடும், முதல் முயற்சிக்கு அது கடினம். ஒய்டிஎம்-4 டீசலில் தொடங்குங்கள். உடல் பெட்டி வடிவம், 3டி அச்சில் வரும். அடியில் இரண்டு போகி (சக்கரத் தொகுதி), ஒன்றில் மோட்டார் இருந்தால் போதும். அப்புறம் புணே பக்கம் போனால் கோத்ரூடில் ஜோஷி மினியேச்சர் ரயில் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு மனிதர் வாழ்நாள் முழுதும் ஆசைப்பட்டு உருவாக்கியது, ஒரு ஊரே அதற்குள் ஓடுகிறது.

அங்கிள், எனக்குப் பதின்மூன்று வயது. பிறந்தநாளுக்கு மாமா லிமிடெட் எடிஷன் 'மல்லார்ட்' வாங்கித் தந்தார், 1000 மட்டும்தான் செய்தார்களாம். அப்பா டப்பாவைத் திறக்காதே, நீ பெரியவனானதும் நிறைய விலை போகும் என்கிறார். எனக்கு ஓட்ட வேண்டும்.
— வாசகர், ஸ்கார்பரோ, கனடா

திறந்து ஓட்டு கண்ணா. அப்பாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு.

ஐயா, உங்களுக்கு: 1000 செய்தார்கள் என்பது ஒரு பக்கம்தான். அதை வாங்க 1000 பேருக்கு மேல் காத்திருந்தால்தான் விலை ஏறும். லிமிடெட் எடிஷன் என்று அச்சிட்ட பொருளை வாங்கியவர்கள் எல்லோரும் உங்களைப் போலவே டப்பாவைத் திறக்காமல் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இருபது வருடம் கழித்து அத்தனையும் புத்தம் புதிதாகச் சந்தைக்கு வரும். பழைய டப்ளோவுக்கு விலை இருப்பது குழந்தைகள் அவற்றை ஓட்டித் தேய்த்து, உடைத்து, தொலைத்து, மிச்சம் கொஞ்சமாக இருப்பதால். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீராவி இன்ஜினை நேரில் பார்த்து வளர்ந்த தலைமுறையின் சேகரிப்புகள் இப்போது வீடு வீடாக விற்பனைக்கு வருகின்றன. வரத்து கூடிக்கொண்டே போகிறது. சேமிப்புக்கு வேறு நல்ல இடங்கள் இருக்கின்றன.

மூடி வைப்பதிலும் கெடுதல் உண்டு. சில டப்பாக்களில் இருக்கும் ஃபோம் வருடங்கள் போகப் போக இளகிப் பிசுபிசுத்து பெயின்டில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே உள்ள கிரீஸ் இறுகி மெழுகாகும். ஓடாத மோட்டாரைவிட மாதம் ஒருமுறை ஓடும் மோட்டார்தான் நன்றாக இருக்கும்.

நிஜ மல்லார்ட் 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல் வேகம் போனது. நீராவியில் அதை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. அதைத் தெரிந்துகொண்டு உன் மல்லார்டை முதலில் அரை மணி நேரம் முன்னாலும் அரை மணி நேரம் பின்னாலும் நிதானமான வேகத்தில் ஓடவிடு. பெட்டிகளை அப்புறம் மாட்டு. டப்பாவையும் சான்றிதழையும் மட்டும் பத்திரமாக வை, அது அப்பாவுக்காக.

எண்ணெய் எது போடுவது? இங்கே மாடல் எண்ணெய் கிடைப்பதில்லை. பழைய டப்ளோ ஒன்று வாங்கினேன், முனகுகிறது, நகரவில்லை.
— வாசகர், யாழ்ப்பாணம்

நல்ல தரமான தையல் மெஷின் எண்ணெய் போதும், அதுவும் ஊசி முனையில் ஒரு துளி. அச்சு சட்டத்தைத் தொடும் இடம், மோட்டார் தண்டின் இரண்டு முனை, அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் கூடாது, பிசினாகிவிடும். துரு நீக்கும் ஸ்பிரேயை எந்தக் காரணத்துக்காகவும் அடிக்காதீர்கள்.

முனகி நகராமல் இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் கம்யூட்டேட்டர். இன்ஜின் உடலைக் கழற்றினால் மோட்டாரின் ஒரு முனையில் மூன்று செம்புத் துண்டுகளாகப் பிரிந்த வட்டம் தெரியும். அதன் மேல் இரண்டு கார்பன் பிரஷ் உரசும். துண்டுகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் கார்பன் தூளும் பழைய எண்ணெயும் சேர்ந்து கருப்பாக அடைத்திருக்கும். மின்சாரம் மோட்டாரைச் சுற்றாமல் அந்த அழுக்கு வழியாகத் தாவிவிடும். பிரஷ்களை எடுத்துவிட்டு ஈர்க்குச்சியைக் கூராகச் சீவி இடுக்கைச் சுரண்டுங்கள், ஊசியால் சுரண்டாதீர்கள், செம்பு கீறிவிடும். பஞ்சில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு, செம்பு பளிச்சென்று தெரியும்வரை துடையுங்கள். கம்யூட்டேட்டரில் எண்ணெய் மட்டும் படவே கூடாது.

காந்தத்தைக் கழற்றாதீர்கள். பழைய டப்ளோவின் காந்தம் அதன் இரும்புச் சட்டத்தை விட்டு வெளியே வந்தாலே வலு குறையும். மறுபடி மாட்டினாலும் பழைய பலம் வராது, திரும்பக் காந்தமேற்றித்தான் ஆக வேண்டும். 'சர்வீஸ் செய்தது' என்று விற்கும் டப்ளோ சிலது சூடாகி மந்தமாக ஓடுவதற்கு இது ஒரு காரணம்.

ஆன்லைனில் ஒரு இன்ஜினை விற்று அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததும், முன் சக்கரச் சட்டம் உடைந்திருக்கிறது, பணத்தைத் திருப்பிக் கொடு என்கிறார் வாங்கியவர். நான் அனுப்பும்போது நன்றாக இருந்தது. இப்போது என்ன செய்ய, இனி எப்படி அனுப்ப?
— வாசகர், குரோய்டன்

அனுப்புமுன் எடுத்த படமும் வீடியோவும் இருந்தால் பேச்சு சுலபம். இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கொடுத்து இன்ஜினை வாங்கிக்கொள்ளுங்கள். உடைந்த துண்டையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். தபாலில் காப்பீடு எடுத்திருந்தால் பார்சல் டப்பாவைத் தூக்கிப் போட வேண்டாம் என்று வாங்கியவரிடம் இன்றே சொல்லுங்கள், அதைக் கேட்பார்கள்.

இனிமேல்: டெண்டரை இன்ஜினிலிருந்து கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். இரண்டையும் சேர்த்து அனுப்பினால் கனமான பாகம் லேசான பாகத்தை உடைக்கும். இன்ஜினுக்கு முதலில் மெல்லிய டிஷ்யூ காகிதம், அதன் மேல்தான் குமிழ் பிளாஸ்டிக். குமிழை நேரடியாகப் பெயின்டில் சுற்றினால் வட்டம் வட்டமாகத் தடம் விழும். ஒரிஜினல் டப்பாவுக்குள் இன்ஜின் ஆடினால் இடைவெளியைக் காகிதத்தால் நிரப்புங்கள். அந்த டப்பாவை இன்னொரு கெட்டியான அட்டைப் பெட்டிக்குள் வைத்து, ஆறு பக்கமும் இரண்டு விரல் மொத்தத்துக்கு ஏதாவது அடையுங்கள். மூடியபின் குலுக்குங்கள், உள்ளே ஏதாவது நகர்ந்தால் பிரித்து மறுபடி கட்டுங்கள்.

விவரத்தில் 'புதியது போல' என்று எழுதாதீர்கள். எங்கே பெயின்ட் உதிர்ந்திருக்கிறது, எந்தப் படி உடைந்திருக்கிறது, சக்கரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, டப்பா அசலா பிற்காலத்தில் அச்சடித்ததா என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். பெயர்ப் பலகையை மாற்றியிருந்தால், உடலை வேறு சேசிஸில் மாட்டியிருந்தால் அதையும் எழுதுங்கள். விலை கொஞ்சம் குறையும். ஆனால் வாங்குபவர் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குவார், அடுத்த இன்ஜினுக்கும் உங்களிடமே வருவார்.